கத்திரி முடியும்வரை இந்த அறையில்

மே 2, வெள்ளி

இம்தியாஸ் பாய் ஒப்புக்கொண்டார் என்று எழுத ஆரம்பித்து, பேனாவை நிறுத்தினேன். அவர் ஒப்புக்கொண்டாரா, நான் மாட்டிக்கொண்டேனா என்பது இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை.

ஆம்பூருக்கு வெளியே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அவருடைய ஷூ கம்பெனி இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து தையல் மிஷினில் உட்காரும் பெண்களுக்கு வளாகத்துக்குள்ளேயே ஒரு விடுதி. விடுதி என்றால் ஒரு கான்கிரீட் பெட்டி. மே பிறந்ததும் பெண்கள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போகிறார்கள். பாதிப் பேர் திரும்புவதில்லை. புது விடுதி கட்டிவிடலாம் என்று என்னிடம் வந்தார். வேலூர் ஆர்க்கிடெக்டுகளில், ஏசி இல்லாமலே கட்டடத்தைக் குளிர வைக்கலாம் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பவள் நான் ஒருத்திதான்.

மாதிரிக்கு இரண்டு அறை மட்டும் கட்டிக் காட்டியிருக்கிறேன். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் சுவர். அதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். ("பொண்ணுங்க தங்குற எடம் மேடம், எலிப்பொறின்னு வெளிய சொல்லாதீங்க" என்றார் பாய்.) கான்கிரீட் தளத்தின் மேல் வெயில் படாமலிருக்க, முழங்கால் உயரத்தில் தகர ஷீட்டால் இன்னொரு கூரை.

இன்று பாய் அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மேடம், கோச்சிக்காதீங்க. இந்த ஊர்ல மே மாசம் ஏசி இல்லாம நீங்க தூங்குவீங்களா?"

"தூங்குவேன்."

"உங்க வீட்டுக்காரரு ஏசி கடை வெச்சிருக்காரு."

"அது அவர் தொழில் பாய்."

"அப்ப கத்திரி முடியறவரைக்கும் நீங்களே இந்த ரூம்ல தங்கிடுங்க. தங்கிட்டீங்கன்னா மொத்தக் கட்டடமும் உங்க பிளான்படி. நடுவுல பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்பிட்டீங்கன்னா, நாலு பக்கமும் மூடி ஏசி போட்டுடறேன்."

சரி என்று வாய் சொல்லிவிட்டது. மூளை அப்போதுதான் வந்து சேர்ந்தது.

மே 3, சனி

பெட்டி கட்டினேன். என் கணவர் பூபாலன் கட்டிலில் உட்கார்ந்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு பார்த்தார். எங்கள் படுக்கையறையில் மே மாதத்தில் போர்வை இல்லாமல் உட்கார முடியாது. ஏசியைப் பதினெட்டுக்கு மேல் வைப்பது தொழிலுக்கே துரோகம் என்பது அவர் கட்சி.

போன மாதத்திலிருந்து வீட்டில் பேச்சு குறைவு. அவர் கடைக்கு ஒருவர் ஏசி வாங்க வந்திருந்தார். நான் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தேன். "முதல்ல மொட்டை மாடிக்கு வெள்ளை பெயின்ட் அடிச்சிப் பாருங்க சார், அப்புறமா ஏசி வாங்கலாம்" என்றேன். நல்ல மனிதர், நன்றி சொல்லிவிட்டுப் போனார். திரும்ப வரவில்லை.

"வேர்க்குரு பவுடர் எடுத்துக்கினியா?" என்றார் பூபாலன்.

"தேவைப்படாது."

"இன்னா குமுதா, கத்திரில போயி..." என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

இருபத்தைந்து நாள் தனியாக இருப்பது எனக்கு நல்லதுதான். படிக்க நிறையப் புத்தகம் எடுத்துவைத்திருக்கிறேன்.

மே 4, ஞாயிறு

கத்திரி இன்று பிறந்தது. நானும் அறைக்குக் குடிவந்தேன்.

விடுதியின் வார்டன் கிருபாவதி. எல்லோருக்கும் கிருபாக்கா. கையில் சாவிக்கொத்து, இன்னொரு கையில் பிரம்பு. பிரம்பு நாய்க்கு என்றார். வளாகத்தில் நாய் எதுவும் இல்லை. நான் ஏமாற்றாமல் தங்குகிறேனா என்று பார்க்க, பாய் அவரையும் என் அறையிலேயே படுக்கச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது ஆள் அஞ்சுகம். ஜவ்வாது மலைப் பெண், இருபது இருபத்திரண்டு வயது, ஷூவின் மேல்தோல் தைக்கிறவள். குளிர்ந்த ஊரிலிருந்து வந்தவள் என்பதால் அவள் தூங்கினால் யாரும் தூங்குவார்கள் என்பது பாயின் கணக்கு.

மத்தியானம் வெளியே தார்ச்சாலை நெளிந்தது. அறைக்குள் வந்தால் கிணற்றடியில் நிற்பதுபோல இருந்தது. சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்பதால் ஒரு முத்தமும் கொடுத்தேன்.

மே 5, திங்கள்

நன்றாகத் தூங்கினேன்.

மே 6, செவ்வாய்

நன்றாகத் தூங்கினேன். முதுகில் வேர்க்குரு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

மே 7, புதன்

சாயங்காலம் கேட்டில் எனக்கு விசிட்டர் என்று செக்யூரிட்டி வந்து சொன்னார். பூபாலன். கையில் ஒரு பையில் நுங்கு, இன்னொன்றில் வேர்க்குரு பவுடர்.

"தேவைப்படாதுன்னு சொன்னேனே."

"கடை பக்கத்துல மெடிக்கல்ஸ்ல ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீன்னான். அதான்."

விடுதி விதிப்படி, பெண்கள் வேலை முடிந்து திரும்பிய பிறகு ஆண்கள் கேட்டுக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது. கிருபாக்கா கொஞ்சம் தள்ளி ஸ்டூல் போட்டு, எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். என்ன பேசுவது என்று தெரியாமல் நுங்கு தின்றோம். கல்யாணத்துக்கு முன்னால் எங்களை யாரும் இப்படிக் காவல் காத்ததில்லை. அந்தக் குறை தீர்ந்தது.

"டைம் ஆச்சிம்மா" என்றார் கிருபாக்கா. என்னிடம் அவர் அதட்டிப் பேசியது இதுதான் முதல் தடவை. பூபாலன் பயந்துபோய் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பவுடர் நல்ல பவுடர்.

மே 9, வெள்ளி

பாயின் நண்பர்கள், இரண்டு கம்பெனிக்காரர்கள், மத்தியானம் வந்து அறையைப் பார்த்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஒருவர் ஏசி எங்கே ஒளித்துவைத்திருக்கிறீர்கள் என்று தேடினார். நான் அடக்கமாக இருக்க முயன்றேன். சுவரைப் பற்றி, கூரையைப் பற்றி, உலகம் சூடாவதில் கட்டடங்களின் பங்கு பற்றி ஒரு மணி நேரத்துக்கு அடக்கமாகப் பேசினேன்.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்த அஞ்சுகத்திடம் சொன்னேன். அவள் முகம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"எப்ப வந்தாங்க மேடம்?"

"மத்தியானம் ரெண்டு மணிக்கு. வெளிய கொளுத்துது, உள்ள எவ்ளோ சில்லுன்னு இருந்துச்சு தெரியுமா?"

"பகல்ல நாங்க யாரும் இங்க இருக்க மாட்டமே மேடம்" என்றாள். கேலியில்லை. நிஜமாகவே, அந்தக் குளிர்ச்சி யாருக்கு என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மே 10, சனி

அவள் சொன்னதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

மே 12, திங்கள்

யோசித்தேன்.

ராத்திரி அறை புழுங்குகிறது. இவ்வளவு நாளாக அதைத்தான் நன்றாகத் தூங்கினேன் என்று எழுதியிருக்கிறேன். பகலெல்லாம் மெல்ல மெல்லச் சூட்டைக் குடித்த சுவர், நாங்கள் படுத்த பிறகு அதை மெல்ல மெல்லத் திருப்பித் தருகிறது. அது தெரிந்த விஷயம்தான். அதற்காகத்தானே எதிரெதிரே பெரிய ஜன்னல்கள் வைத்தேன். சாயங்காலக் காற்று ஒரு பக்கம் நுழைந்து, சூட்டை அள்ளிக்கொண்டு மறுபக்கம் போய்விட வேண்டும். வரைபடத்தில் அந்தக் காற்றை நீல அம்புக்குறிகளால் மிக அழகாக வரைந்திருக்கிறேன்.

எட்டு மணிக்குக் கிருபாக்கா எழுந்து அம்புக்குறிகளையெல்லாம் சாத்தித் தாழ் போடுகிறார்.

முதல் நாளிலிருந்தே போடுகிறார். கொசுவுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று கேட்டேன்.

"கொசு கடிச்சா சொறிஞ்சிக்கலாம்மா" என்றார். "லாரிக்காரனுங்க நிறுத்தற எடம் எது தெரியுமா? இந்தக் காம்பவுண்டுக்கு அந்தாண்ட. மூணு வருசத்துக்கு முன்ன பழைய ஹாஸ்டல்ல ஒரு பொண்ணு ஜன்னலத் தொறந்து வெச்சிட்டுத் தூங்கிச்சி. எவனோ சுவரேறி வந்து போன்ல படம் புடிச்சிக்கினு நின்னான். நான் பிரம்பெடுத்துக்கினு ஓடினன். அவன் ஓடிட்டான். அந்தப் பொண்ணு மறுநாளே ஊருக்குப் போயிடிச்சி. அன்னிலேர்ந்து ஜன்னல் என் பொறுப்பு."

காற்று எந்தத் திசையில் வருகிறது என்று ஒரு வருடம் அளந்தேன். ஜன்னலை யார் சாத்துவார்கள் என்று ஒரு நாள்கூட யாரையும் கேட்கவில்லை.

மே 14, புதன்

அஞ்சுகத்தின் விரலில் மிஷின் ஊசி இறங்கிவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள், கண் சொருகித் தூங்கிவிட்டாள். கால் மட்டும் பெடலில் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். எலும்பில் படவில்லை.

நான்தான் இரவுச் சாப்பாட்டைப் பிசைந்து கொடுத்தேன். இடது கையால் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று அடம்பிடித்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"தூக்கமே வர்றதில்ல மேடம். ஏப்ரல்லேர்ந்தே இப்பிடித்தான். மிஷின்ல உக்காந்தா மட்டும் நல்லா வருது" என்று சிரித்தாள்.

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க டெய்லி காலைல நல்லா தூங்கினேன் நல்லா தூங்கினேன்னு சொன்னீங்க. எனக்குத்தான் இன்னாவோ கோளாறுன்னு நெனச்சிக்கினன்."

மே 15, வியாழன்

பாய் தெர்மாமீட்டரோடு வந்தார், மத்தியானத்தில். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "மாஷா அல்லாஹ். நீங்க சொன்னது சரிதான் மேடம். நான் தோத்துட்டேன்."

அப்படியே விட்டிருக்கலாம். மொத்த வேலையும் கைக்கு வந்திருக்கும். என் வாய் மறுபடியும் மூளைக்குக் காத்திருக்கவில்லை.

"இல்ல பாய். ராத்திரி வந்து பாருங்க. வேகுது. தூங்கறதுக்குக் கட்டின ரூம்ல தூங்க முடியல. பகல்ல சில்லுன்னு இருந்து யாருக்கு லாபம்? பகல்ல எல்லாரும் உங்க மிஷின்லதான் இருக்காங்க."

பாய் தெர்மாமீட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நேத்து அந்தப் பொண்ணு கை..." என்றார்.

"ஆமா பாய்."

"அப்ப இதுக்கு மேல வெளையாட முடியாது மேடம்." போனை எடுத்து, என் முன்னாலேயே பூபாலனுக்குப் போட்டார். ஸ்பீக்கரில். பழைய விடுதிக்கும் இதற்கும் சேர்த்து எல்லா அறைக்கும் ஏசி. பூபாலன் கடை திறந்த நாளிலிருந்து இவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததில்லை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"ஹலோ? பூபாலன்?"

"சொல்லுங்க பாய். குமுதா அங்க இருக்காங்களா?"

"இங்கதான் நிக்கிறாங்க."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "கத்திரில எவன்கிட்டயும் ஸ்டாக் இல்ல பாய். கம்பெனிலேர்ந்தே வரல. பத்து நாளாவது ஆகும்" என்றார்.

"மேடம், அதுவரைக்கும் இருக்கறதுன்னா இருங்க" என்றார் பாய். "போறதுன்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மே 16, வெள்ளி

வரைபடங்களை எடுக்க வேலூர் போய் வந்தேன். பூபாலன் கடை வழியாகத்தான் பஸ் போகிறது. ஏசிப் பெட்டிகளை நடைபாதைவரை அடுக்கிவைத்திருந்தார்கள்.

காலிப் பெட்டிகளாக இருக்கும்.

மே 17, சனி

இன்று ஒரு அசிங்கம் நடந்தது. அதனால் ஒரு நல்லது நடந்தது.

பொழுது சாய்ந்ததும், தகர ஷீட் சூட்டில் எங்கேயாவது பிரிந்திருக்கிறதா என்று பார்க்க இரும்பு ஏணிப்படியில் மாடி ஏறினேன். தளத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவே முழங்கால் உயரம்தான் இடைவெளி. ஊர்ந்து உள்ளே போனேன். கான்கிரீட்டில் கை பட்டது. சில்லென்று இருந்தது. பகல் முழுக்க வெயிலே படாத தளம். நாலு பக்கமும் திறந்திருந்ததால் ஏலகிரிப் பக்கமிருந்து வந்த காற்று தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் படுத்துப் பார்ப்போம் என்று படுத்தேன்.

அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

முழித்தபோது என் விலாவில் பிரம்பு குத்திக்கொண்டிருந்தது. "வெளிய வாடா" என்றது ஒரு குரல். கீழே பழைய விடுதிப் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். ஒருத்தி கையில் துடைப்பம்.

"கிருபாக்கா, நான்தான்" என்றேன்.

"மேடமா? எலிப்பொறில நீங்களே மாட்டிக்கினீங்களா?"

இத்தனை நாளில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கியிருக்கிறேன். அதுவும் புழுவைப்போலச் சுருண்டு, சேலையெல்லாம் தூசியாக. அறைக்குள் நான் வெட்டி முறித்துத் தேடிய குளிர்ச்சியெல்லாம் அறையின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஷீட்டை மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் தூக்கிவிட்டால், அடியில் முப்பது பேர் தாராளமாகப் படுக்கலாம்.

மே 18, ஞாயிறு

கிருபாக்காவிடம் சொன்னேன். மொட்டை மாடியில் படுக்கை, சுற்றிலும் ஜாலிச் சுவர்.

"லேடீஸ் ஹாஸ்டல்ல இன்னாம்மா ஜாலி?" என்றார்.

செங்கற்களுக்கு நடுவே ஓட்டை விட்டுக் கட்டும் சுவருக்கு அதுதான் பெயர், காற்று வரும், ஆள் தெரியாது என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. மேம்பாலத்தில் லாரி ஏறும்போது டிரைவர் சீட் மாடி உயரத்துக்கு வந்துவிடும், அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும் என்றார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? லாரில ஏறிப் பாத்தீங்களா?"

"ஏறிப் பாப்பமே" என்றார்.

நெடுஞ்சாலை ஓரம் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு நாமக்கல் லாரிக்காரரிடம் போய், மேம்பாலம்வரை கூட்டிக்கொண்டு போகச் சொன்னோம். மொட்டை மாடியில் பெண்கள் படுத்தால் உங்கள் சீட்டிலிருந்து தெரியுமா என்று பார்க்க வேண்டும் என்று நான் உண்மையைச் சொன்னதும், அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்க, எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குதுங்க" என்றார் பரிதாபமாக.

"அதான் உங்களக் கேக்கறம். ஏறும்மா" என்றார் கிருபாக்கா.

மாடியில், ஷீட்டுக்கு வெளியே ஓரமாக, தூரத்திலிருந்து தெரிவதற்காகச் சிவப்பு துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு அஞ்சுகம் நின்றாள். மேம்பாலத்தின் உச்சியில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். கிருபாக்கா டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் போனில் அஞ்சுகத்துக்குச் சொல்லச் சொல்ல, அவள் சுவர் வரப்போகும் இடத்தில் ஒரு மரப்பலகையைக் கட்டுப் போடாத கையால் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினாள். "தெரியுது... தெரியுது... இப்ப தலை மட்டும் தெரியுது..." கிருபாக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எட்டிப் பார்த்தார். லாரிக்காரன் என்னென்ன குறும்பு செய்வானோ அத்தனையும் செய்து பார்த்தார். கடைசியில், "இப்ப ஒண்ணும் தெரியல" என்றார்.

சுவரின் உயரம் அப்படித்தான் முடிவாயிற்று. இதுவரை நான் வரைந்த எந்தச் சுவருக்கும் இவ்வளவு நல்ல காரணம் இருந்ததில்லை.

இறங்கும்போது டிரைவர், "எல்லாரும் அப்படி இல்லீங்க அக்கா" என்றார்.

"தெரியும் தம்பி. ஒருத்தன் போதும்ல" என்றார் கிருபாக்கா.

மே 19, திங்கள்

பாயிடம் அனுமதி கேட்டேன். மிச்சமிருந்த செங்கல்லிலேயே முடித்துவிடுவேன், ஷீட்டைத் தாங்கும் இரும்புக் கால்களையே வெல்டு வைத்து நீட்டி அதைத் தூக்கிவிடுவேன், தளம் தாங்கும் என்று கணக்கும் காட்டினேன். "ஏசி வர்ற வரைக்கும் என்னமோ பண்ணுங்க" என்றார். அவருக்கு என்மேல் கோபமில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒரு சொந்தக்காரரிடம் பேசுவதுபோலப் பேசுகிறார்.

கொத்தனார்கள் வந்துவிட்டார்கள். ஷீட்டைக் கழற்ற ஆள் கிடைக்கவில்லை. முகூர்த்த நாட்கள், எல்லா வெல்டர்களும் பந்தல் வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

சாயங்காலம் கேட்டுக்கு வந்த பூபாலனிடம் இதைச் சொன்னேன். உதவி கேட்கவில்லை, சொன்னேன்.

மே 20, செவ்வாய்

காலையில் பூபாலனின் மெக்கானிக்குகள் நாலு பேர் வெல்டிங் மெஷினோடு வந்து நின்றார்கள். ஸ்டாக் இல்லாததால் கடையில் வேலை இல்லையாம், முதலாளி அனுப்பினாராம். கத்திரியில் ஏசி மெக்கானிக்குகள் சும்மா இருப்பது ஆச்சரியம்தான்.

பெண்கள் கம்பெனியில் இருக்கும் நேரத்துக்குள் ஆண்கள் வேலையை முடித்து வெளியேற வேண்டும் என்று கிருபாக்கா சட்டம் போட்டுவிட்டார். அதனால் வேலை ஓடுகிறது. பிரம்பு இருந்தால் எந்தக் கட்டடமும் சொன்ன தேதிக்கு முடியும் என்று தோன்றுகிறது.

மே 22, வியாழன்

சுவரும் ஏறிவிட்டது, ஷீட்டும் ஏறிவிட்டது. சுவரின் ஈரம் காயாமலிருக்க நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றினோம். எனக்கு உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

பூபாலன் வந்திருந்தார். கேட்டுக்கு வெளியே நின்று மாடியை அண்ணாந்து பார்த்தார். "ஷீட்டு ராத்திரில சீக்கிரம் ஆறிடும் குமுதா. மெல்லிசுதான, சூட்டப் புடிச்சி வெச்சிக்காது. மேல வெள்ளை அடிச்சிட்டா இன்னும் நல்லது" என்றார்.

"வெள்ளை அடிக்கச் சொல்றது யாரு?" என்றேன்.

அவர் காதுமடல் சிவந்தது. அவருக்கு அப்படிச் சிவக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வீட்டுக்குள் போர்வைக்கு வெளியே காதே தெரிவதில்லை.

கிருபாக்கா இன்று டைம் ஆச்சு என்று சொல்ல மறந்துவிட்டார்.

மே 23, வெள்ளி

நான், அஞ்சுகம், கிருபாக்கா மூவரும் மாடியில் படுத்தோம். ஏணிப்படிக் கதவைப் பூட்டி, சாவியைக் கிருபாக்கா தலைக்கடியில் வைத்துக்கொண்டார். பிரம்பைப் பக்கத்தில் படுக்கவைத்தார். நான் முழிச்சிருக்கன், நீங்க தூங்குங்க என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் குறட்டை.

ஓட்டைகள் வழியாகக் காற்று வந்தது. நெடுஞ்சாலை வெளிச்சம் துண்டு துண்டாகத் தரையில் ஓடியது.

"மேடம், எங்க ஊர்ல இருக்கற மாதிரி கீது" என்றாள் அஞ்சுகம். அப்புறம் யோசித்துவிட்டு, "லாரி சத்தம் மட்டும் இல்லன்னா" என்றாள்.

நன்றாகத் தூங்கினேன். இந்த முறை எழுதுவது உண்மை.

மே 24, சனி

சாயங்காலம் ஆலங்கட்டி மழை. காற்று சாய்ந்து அடித்ததில் ஜாலி வழியாகச் சாரல் உள்ளே வந்து ஓரமெல்லாம் நனைந்தது. போச்சு, எல்லோரும் கீழே ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன். துடைத்துவிட்டு நடுவில் நெருக்கிப் படுத்தார்கள். எல்லோரும் என்று ஏன் எழுதுகிறேன் என்றால், பழைய விடுதியிலிருந்து ஒரு பத்துப் பேர் தலையணையோடு வந்துவிட்டார்கள்.

மழைக்கு ஷீட்டை ஓரத்தில் இன்னும் ஒரு முழம் நீட்ட வேண்டும். குறித்துக்கொண்டேன்.

மே 26, திங்கள்

நேற்று ராத்திரி மாடியில் கால் வைக்க இடமில்லை. படியில் வரிசை நின்றது. உள்ளே படுத்தவர்களைத் தள்ளிப் படுக்கச் சொல்லிக் கிருபாக்கா பஸ் கண்டக்டர் மாதிரி கத்திக்கொண்டிருந்தார்.

இன்று காலை என்ன நடந்தது என்பதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நானே நம்பாமல்தான் எழுதுகிறேன்.

முதலில் யாரோ கூப்பிடுவதுபோல இருந்தது. கண்ணைத் திறந்தால் முழு வெளிச்சம். சுற்றிலும் அசையாமல் தூங்குகிறார்கள். ஒருத்தியின் கால் இன்னொருத்தியின் வயிற்றின்மேல். எட்டு மணி ஷிஃப்டுக்கு மணி அடித்து எவ்வளவு நேரமாயிற்றோ. கீழேயிருந்து குரல் வந்தது.

"கிருபா! கிருபா! என்னாச்சி? யாராவது இருக்கீங்களா?"

இம்தியாஸ் பாய். கம்பெனியில் தையல் வரிசைகள் காலியாகக் கிடந்திருக்கின்றன. பழைய விடுதியில் ஆளில்லை. எல்லோரும் ஒரே ராத்திரியில் ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள் என்று நினைத்து, காரைக்கூட ஒழுங்காக நிறுத்தாமல் ஓடிவந்திருக்கிறார். பெண்கள் படுத்திருக்கும் இடம் என்பதால் படியேறவும் முடியாமல், கீழே நின்று கத்துகிறார்.

கிருபாக்கா துள்ளி எழுந்தார். பிரம்பைத் தேடினார், சாவியைத் தேடினார். "பாய்! பாய்! ஏய், பாய்!" என்று பக்கத்தில் படுத்திருந்தவர்களை உலுக்கினார்.

அஞ்சுகம் கண்ணைத் திறக்காமலே, "அந்த மூலையில எடம் கீது, அங்க விரிங்கக்கா" என்றாள்.

ஒருத்தி சிரித்தாள். அது பரவி, எழுந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எழாதவர்களும் சிரித்தார்கள். கீழே பாய் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜாலி ஓட்டை வழியாக அவரைப் பார்த்தேன். அவருக்கு முழுச் சுவர் மட்டும்தான் தெரிந்திருக்கும். சுவர் சிரிக்கிற சத்தம்.

கிருபாக்கா இறங்கிப் போய்த் தலைகுனிந்து நின்றார். "பதினோரு வருசத்துல ஒருநாள்கூட நான் லேட்டா எழுந்ததில்ல பாய். இன்னாச்சின்னே தெரியல. தூங்கிட்டன்."

"எல்லாருமா?"

"எல்லாருமே பாய்."

பாய் கோபப்படுவதற்குத் தயாராக வாயைத் திறந்தார். மூடினார். அஞ்சுகம் கட்டுப் போட்ட விரலோடு, கன்னத்தில் தலையணைக் கோடு பதிந்த முகத்தோடு படியில் இறங்கி வந்தாள். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போங்க, சாப்ட்டு வாங்க. மெதுவா வாங்க" என்றார்.

மே 27, செவ்வாய்

பாய் ஆபீசுக்குக் கூப்பிட்டார். பூபாலனும் இருந்தார். ஆர்டர் ரத்து. நோயாளிகள் படுக்கிற அறைக்கு மட்டும் ஒரு ஏசி வேண்டுமென்று நான்தான் சொன்னேன். காய்ச்சலில் கிடக்கும் பெண்ணை மாடிப்படி ஏறு என்று சொல்ல முடியாது. அந்த ஒன்றைக் குறித்துக்கொண்ட பூபாலன், நாளைக்கே மாட்டிவிடலாம் என்றார்.

"ஸ்டாக் இல்லன்னீங்களே?" என்றார் பாய்.

"ஒண்ணே ஒண்ணு வந்திருக்குது பாய்."

பாய் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீ சொன்னார்.

வெளியே வந்ததும் பூபாலன், "நம்ம மொட்டை மாடில இப்பிடி ஒண்ணு போட்டா என்னா ஆகும்?" என்று சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உங்க தொழில் போயிடும்."

"ஷீட்டு மாட்டற தொழில் கத்துக்கினாங்கல்ல பசங்க" என்றார்.

நான் நாளை மறுநாள் ஊருக்குத் திரும்புகிறேன். இரண்டு ஜோடி தலையணை உறை வாங்க வேண்டும். விசேஷமான காரணம் எதுவுமில்லை.

மே 28, புதன்

கத்திரி முடிந்தது. புது விடுதியின் வரைபடத்தைப் பாயின் மேஜையில் விரித்தேன். இந்தத் தடவை மாடியிலிருந்து கீழ்நோக்கி வரைந்தது. மேலே படுக்கைக் கூடம், நீட்டிய கூரை, லாரி சீட்டிலிருந்து கிருபாக்கா கண் அளந்து கொடுத்த சுவர். கீழே அறைகளின் ஜன்னல்களெல்லாம் நெடுஞ்சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்முற்றத்தைப் பார்த்துத் திறக்கின்றன; அவற்றுக்குத் தாழ்ப்பாள் வேண்டுமா என்று கிருபாக்காவைக் கேட்டுத்தான் வரைந்தேன். உள்பக்கம் மட்டும் வைம்மா என்றார்.

பாய் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். எங்கே அடிக்கப்போகிறாரோ என்று அந்தப் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதையும் அடிக்கவில்லை. கடைசித் தாளில், மொட்டை மாடியின் நடுவில் ஒரு சின்ன வட்டம் போட்டு, அதன் பக்கத்தில் எழுதினார்: மணி. பெருசா.

அந்த ஒரு திருத்தத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இப்போது உட்கார்ந்து அந்த மணியை வரைந்துகொண்டிருக்கிறேன். பாய் காட்டிய இடம் நடுவில். நான் அதை நகர்த்தி, நகர்த்தி, தூங்குகிறவர்களின் தலைமாட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.